இன்னும் பன்னெண்டு கிலோ

"இல்லீங்க, இன்னும் குடுக்கலீங்க. நிக்குதுங்க."

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றுகொண்டிருந்தீர்கள், அல்லது டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் வந்து நின்றவர் தானாகவே இப்படிச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். மரியாதைக்கு "எதுங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. உங்கள் பஸ் போய்விடும். அதற்கடுத்த பஸ்ஸும் போய்விடும்.

இந்த இனத்துக்கு இன்னுங்கொஞ்சக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், இதைவிடப் பெரிய பெயர் வைக்கத் தெரியாது. திருப்பூர்ப் பக்கம் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நூல் விலை இன்னுங்கொஞ்சம் ஏறட்டும் என்று மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்து, கடைசியில் எலிகளுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தவர் ஒருவரைத் தெரியும். சைட்டு விலை இன்னுங்கொஞ்சம் ஏறட்டும் என்று பத்து வருஷம் வேலிமுள்ளுக்குக் காவல் இருந்தவரையும் தெரியும். ஆனால் இவர்களெல்லாம் கிளைகள். அடிமரம் யாரென்றால், கன்றுக்குட்டியைத் தேற்றி விற்கிறவர்தான். நூலும் சைட்டும் சும்மா கிடக்கும். கன்று தின்றுகொண்டே காத்திருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பால் மாடு வைத்திருக்கிற வீட்டில் காளைக் கன்று பிறந்தால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும். அது பால் கறக்காது. உழவுக்கும் டிராக்டர் வந்துவிட்டது. எட்டு மாசம் ஆனதும் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதை நம்மவர் வாங்கி வந்து, ஒரு வருஷம் புண்ணாக்கும் மக்காச்சோள மாவும் போட்டு, முந்நூறு கிலோ ஆக்கி, வியாபாரிக்குக் கொடுப்பார். வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், "கேரளாவுக்குப் போகுதுங்க" என்பார்கள், என்னமோ நர்ஸ் படிப்புக்கு அனுப்பி வைக்கிற மாதிரி.

இதில் லாபம் உண்டா என்று இன்னுங்கொஞ்சக்காரரிடமே கேட்டுப் பாருங்கள்.

"கன்னு எட்டாயிரமுங்க. முன்னூறு கிலோ ஆச்சுன்னா முப்பத்தெட்டு போகும்ங்க. முப்பது சொளையா கையில நிக்கும்."

"தீவனமுங்க?"

"நம்ம சோளத்தட்டு இருக்குதில்லங்க."

"புண்ணாக்கு?"

"அது சுமாரா ஆகும்ங்க."

"சாணி அள்ற ஆளுக்கு?"

"நம்ம ஊட்டுலயே இருக்கறாங்கல்லங்க."

'நம்ம ஊட்டுல' என்றால் அவர் மனைவி என்று அர்த்தம். வெயிலையும் காற்றையும் யாராவது செலவில் எழுதுவார்களா? அந்த அம்மாளின் இடுப்பு வலியும் அப்படித்தான்.

நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இந்த இனத்தில் ஒருவர் எனக்குச் சம்பந்தி. சேவூர் சாமியப்பன். என் மகள் யாழினியை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஜூன் மாசம் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பேத்தி பிறந்தாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சம்பந்திக்கு இடம் மிஞ்சாது. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கொட்டாவி விடும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். இன்னொரு கண் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சரி, சம்பந்திக்கு வருவோம்.

சாமியப்பன் இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். பீஸை மேஜையில் விரித்து, இஞ்சு டேப்பை வைத்து, நெஞ்சளவு அரை இஞ்சு கூடினாலும் குறைந்தாலும் தூக்கி எறிந்துவிடுவார். டெய்லர்கள் அவரைப் பார்த்தால் தையலையே ஒருமுறை எச்சில் தொட்டு நீவிவிடுவார்கள். வேலையை விட்டு வரும்போது கம்பெனி கொடுத்தது ஒரு சால்வை. அவர் எடுத்துக்கொண்டு வந்தது அந்த மஞ்சள் இஞ்சு டேப்.

போன கார்த்திகையில் நாலு ஜெர்சிக் கலப்புக் காளைக் கன்றுகள் வாங்கினார். விற்கப் போகிற உருப்படிக்குப் பெயர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்று சொல்லி, பெயருக்குப் பதில் சைஸ் வைத்தார். எஸ்ஸு, எம்மு, எல்லு, எக்ஸெல்லு. நாலு மாசத்தில் எஸ்ஸு தின்ற தீனிக்கு எல்லுவைத் தாண்டி வளர்ந்து நின்றது. அப்போதும் அது எஸ்ஸுதான். லேபிள் அடித்த பிறகு சைஸ் மாற்ற அவருடைய செக்கிங் மனசு இடம் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவெடுப்பு. இதை நீங்கள் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டு, கன்று முன்னால் இழுக்க இவர் பின்னால் இழுக்க, "ஆடாதடா, ஆடாதடா" என்று அதட்டிக்கொண்டே இஞ்சைப் படிப்பார். அப்புறம் நீளம். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, அறுநூற்று அறுபதால் வகுத்தால் கிலோ என்று மாட்டு டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். செல்போனில் தட்டி, விடையை வாய்விட்டுப் படித்து, சுவரில் கரிக்கட்டையால் எழுதுவார். முடிந்ததும் டேப்பைத் தகரக் கூரைக்குக் கீழே ஆணியில் மாட்டி, சுருண்டுகொள்ளக் கூடாது என்று அடி நுனியில் ஒரு பழைய பித்தளைப் பூட்டைக் கட்டித் தொங்கவிடுவார். பொருளைப் பத்திரமாக வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எதற்கு இவ்வளவு பாடு, ரோட்டிலேயே எடைமேடை இருக்கிறதே என்று ஒரு தடவை கேட்டேன்.

"அங்க போனா கன்னு பயந்துக்கும்ங்க சம்மந்தி. பயத்துல ரெண்டு கிலோ எறங்கீரும்."

ஆடி மாசக் கடைசியில் எக்ஸெல்லு இருநூற்று எண்பத்தெட்டு கிலோவைத் தொட்டது. ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இன்னும் பன்னெண்டு கிலோ. அடுத்த ஞாயிறு அளந்தார். இருநூற்று எண்பத்தெட்டு. அதற்கடுத்த ஞாயிறும் அதே இருநூற்று எண்பத்தெட்டு. மற்ற மூன்றும் அப்படியே அவையவை நின்ற இடத்திலேயே நின்றன. சம்பந்தி, புண்ணாக்குக் கடைக்காரர் மண்ணைக் கலக்கிறார் என்றார். பக்கத்துக் காட்டுக்காரர் கண் பட்டுவிட்டது என்றார். தவிட்டில் தண்ணீர் கூடிப்போச்சு என்று மனைவி சுப்பாத்தாளைச் சொன்னார்.

"தண்ணி நீங்கதானுங்க ஊத்துனீங்க" என்று அந்த அம்மாள் சொன்னதைச் சுவரில் எழுதவில்லை.

எடை ஏறாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? தீவனத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினார். மூட்டைகள் மாடு கட்டுகிற சாளையில் அடங்கவில்லை. எலியும் வந்தது. கிழக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார். டைல்ஸ் போட்டு, ஃபேன் மாட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, பேத்தி வந்தால் தொட்டில் கட்டுவதற்கென்று கூரையில் கொக்கியும் போட்டு வைத்திருந்த அறை அது. அதில் முப்பத்தொரு மூட்டை. கொக்கியில் தராசு.

இங்கேதான் விஷயம் முற்றியது. எங்கள் பக்கம் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண்ணை மூன்றாம் மாசம், இல்லாவிட்டால் ஐந்தாம் மாசம், ஒற்றைப்படையில்தான் அனுப்புவோம். மூன்றாம் மாசம் வந்ததும் யாழினி மாமனாருக்குப் போன் போட்டாள். அவளும் செக்கிங்கில் வேலை பார்த்தவள்தான். பேச்சு நேராக வரும்.

"மாமா, ரூமக் காலி பண்ணீட்டீங்களா?"

"இன்னும் பன்னெண்டே கிலோ அம்மிணி. கன்னு போச்சுன்னா மூட்டயும் போயிரும். புள்ளைய முன்னறையில படுக்க வெச்சுக்கலாமே."

"அங்க புண்ணாக்கு வாசம் அடிக்குதுங்க மாமா. நான் அங்க இருந்தப்பவே எனக்குத் தும்மல் நிக்கல. மூட்ட போனாத்தான் நாங்க வருவோம்."

"நானு புள்ளையப் பாக்க வேண்டாமா?"

"கன்னக் குடுங்க. அன்னிக்கே வண்டி ஏறிர்றேன்."

ஆக, நாலு கன்று சேவூரை விட்டுப் போனால் என் பேத்தி எங்கள் நல்லூரை விட்டுப் போவாள். சம்பந்திக்கு ராத்தூக்கம் இல்லை. கன்றைக் கொடுத்தால் பன்னிரண்டு கிலோ போச்சு, கொடுக்காவிட்டால் பேத்தி போச்சு. பாவம், பஸ் ஏறி ஞாயிறுதோறும் மத்தியானம் வந்து, ஒரு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்திருந்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாச்சு என்று எழுந்து போவார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார், புண்ணாக்குத் தூசி என்று சொல்லிக்கொண்டு.

வியாபாரி வராமல் இல்லை. காசிமாயன் என்று தேனிப் பக்கத்து ஆள், லாரி வைத்து மாடு பிடிக்கிறவர், ஓணத்துக்கு முன்னால் வந்து கன்றுகளைச் சுற்றிப் பார்த்தார். வால் அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை வைத்து அமுக்கிப் பார்த்தார்.

"சோடி சோடியா நல்லா வந்துருக்குண்ணே. ஒண்ணு முப்பத்து நாலுன்னு நாலையும் குடுத்துருங்க. இதுக்கு மேல தின்னுச்சுன்னா கறி பிடிக்காது, கொழுப்புத்தான் பிடிக்கும். கொழுப்புக்கு எவண்ணே காசு குடுப்பான்?"

"இன்னும் பன்னெண்டு கிலோ ஏறோணும்ங்க."

"எங்கண்ணே ஏறணும்? இதுக்கே வாசல இடிச்சுக் கட்டணும் போல."

சம்பந்திக்குக் கோபம். இருபத்தாறு வருஷம் டேப்போடு வாழ்ந்தவரிடம் வெறுங்கையால் அமுக்கிப் பார்த்து எடை சொல்வதா? இருந்தாலும் ஆசை விடவில்லை. என்னிடம் யோசனை கேட்டுப் போன் போட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, முப்பத்து நாலு கேக்கறானுங்க. தள்ளீட்டுப் புள்ளையக் கூட்டியாந்தரட்டுங்களா?"

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நல்லூரில் அயர்ன் மேஜை போட்டிருக்கிறவன். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது பால் பாக்கெட் மட்டும்தான். அந்த நேரம் பேத்தி என் தோளில் சாய்ந்து, காது மடலைச் சப்பிக்கொண்டிருந்தாள். வாயில் தானாக வந்தது.

"அவசரப்படாதீங்க. ஓணம் கிட்ட வரட்டும். வெலை தூக்கும்."

ஓணம் வந்தது, போனது. விலையை யாரும் தூக்கவில்லை. காசிமாயன் மறுபடி கேட்டபோது சம்பந்தி மறுபடி போன் போட்டார். பேத்தி அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்திருந்தாள்.

"கிறிஸ்துமஸ் வருதில்லீங்க? கேரளாவுல அதுதான் பெரிய நோம்பி" என்றேன். எனக்கு எப்படி இதெல்லாம் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்றாம் மாசம் போய் ஐந்தாம் மாசமும் பாதி கரைந்தது. இது போனால் ஏழாம் மாசம்தான். நான் வெளியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே மேஜையில் சட்டையை மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். அளவெடுப்பை முடித்த கையோடு வந்ததால் டேப் சட்டைப் பையிலேயே இருந்தது. யாழினி குழந்தையைப் பாயில் விட்டிருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி கார்டு. முந்தின நாள்தான் தடுப்பூசி போட்டு, எடை உயரமெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"எத்தன போட்டிருக்காங்க அம்மிணி?"

"அறுவத்து நாலு சென்டிமீட்டருங்க மாமா. இருவத்தஞ்சு இஞ்சு."

அவர் கை சும்மா இருக்குமா? டேப்பை எடுத்தார். உச்சந்தலையில் யாழினியைப் பிடிக்கச் சொல்லி, குதிகாலில் இவர் பிடித்தார். படித்தார். திரும்பவும் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"இருவத்து நாலுதான் இருக்குது."

"காலு மடக்கியிருக்கும் மாமா."

"நல்லா நீட்டித்தானே பிடிச்சேன். ஒரு இஞ்சு கொறையுது அம்மிணி. பால் பத்தலயா? ஏனுங்க சம்மந்தி, புள்ளைக்கு இங்க என்னதான் குடுக்கறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சு மாசம் என் தோளிலேயே வளர்ந்த பிள்ளை. "ஆஸ்பத்திரில எழுதுனது பொய்யாங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரில அவசரத்துல எழுதுவாங்க. டேப்பு பொய் சொல்லாதுங்க."

யாழினி டேப்பை வாங்கி விரலில் சுற்றிப் பார்த்தாள். ஒளியில் பிடித்துக் கோடுகளைப் பார்த்தாள். பக்கத்துத் தையல் யூனிட்டுக்குப் போய் கட்டிங் மாஸ்டரிடம் ஸ்டீல் ஸ்கேலை வாங்கி வந்து தரையில் போட்டு, அதன் மேல் டேப்பை விரித்தாள். ஸ்கேலில் முப்பத்தாறு வருகிற இடத்தில் டேப்பில் முப்பத்து நாலரை.

குழந்தை ஸ்கேலைப் பிடிக்கக் கை நீட்டியது.

"டேப்பு நீண்டுருச்சுங்க மாமா. இத எங்க மாட்டி வெக்கறீங்க?"

"தகரத்துக்கடியில. சுருளாம இருக்கப் பூட்டுக் கட்டி."

"வெயில்ல, பூட்டுக் கட்டி, ஒரு வருசம். அதுக்கு மேல எக்ஸெல்லு வேற இழுத்திருக்குது. எங்க கம்பெனில மாசாமாசம் டேப்ப ஸ்கேல்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் மேஜைக்குக் குடுப்பாங்க."

"எங்க காலத்துலயும் அப்படித்தான். அதப் பாக்கறதே நாந்தான்" என்றார் சம்பந்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் செல்போனில் தட்டினாள். நெஞ்சளவு இரண்டு முறை பெருக்க வேண்டியது, நீளம் ஒரு முறை. நீண்டுபோன டேப் மூன்று இடத்திலும் தின்றிருந்தது. "இருநூத்தி எம்பத்தெட்டு இல்லீங்க மாமா. எக்ஸெல்லு முன்னூத்தி இருவத்தஞ்சு கிட்ட இருக்கும். ஓணத்தப்பவே முன்னூறு தாண்டியிருக்கும்."

கன்றுகள் வளர வளர டேப்பும் கூடவே வளர்ந்திருக்கிறது. அரை இஞ்சுக்காக ஆயிரம் பனியனைத் தள்ளினவர், வாரம் தவறாமல் அளந்து, மூன்று மாசம் ஒரே எண்ணைச் சுவரில் எழுதியிருக்கிறார். அவர் மெல்லச் சொன்னார்.

"சம்மந்தியும் பொறுக்கத்தான் அம்மிணி சொன்னாரு. ஓணம் வரட்டும், கிறிஸ்துமஸ் வரட்டும்னு."

யாழினி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க எப்ப இருந்து மாட்டு யாவாரம் பண்றீங்க?"

இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அன்றைக்கு ஞாயிறு, பெட்டியே போடவில்லை.

புதன்கிழமை காசிமாயன் லாரி வந்தது. எடைமேடையில் எக்ஸெல்லு முந்நூற்று இருபத்தாறு. அது பயந்ததாகவோ, இரண்டு கிலோ இறங்கியதாகவோ தெரியவில்லை. விலை பேசினார்கள். ஒன்று முப்பத்தைந்து. அதாவது ஓணத்திலிருந்து இதுவரை ஒவ்வொரு கன்றும் நாலாயிரத்துக்கு மேல் தின்று ஆயிரம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. கூடவே மூன்று மாசம் ஒரு தாத்தா பேத்தியைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இதில் லாபம் வந்ததா என்று கேட்டால், சுப்பாத்தாளுக்குக் கூலி போடாத வரைக்கும் வந்தது. லாரி கிளம்பியதும் அந்த அம்மாள் கிழக்கு அறையை மூன்று தடவை கழுவிவிட்டார்களாம். தராசைக் கழற்றித் தொட்டில் கயிற்றைக் கட்டினார்களாம். சம்பந்தி எஸ்ஸு நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பேர் வெக்காமயே இப்படி இருக்குது" என்றாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அலமாரியின் மேல் தட்டில், நல்ல நாள் வரட்டும் என்று பிரிக்காமலே வைத்திருக்கிற அந்தப் புடவை யாருடையது? கேட்ட விலைக்குக் கொடுக்காமல் வைத்திருந்து, இப்போது யாரும் கேட்காத அந்தப் பழைய வண்டி யாருடைய வாசலில் நிற்கிறது? பையனுக்கு வந்த நல்ல இடத்தை, இன்னுங்கொஞ்சம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தது எந்த வீட்டில்? எதற்கும் உங்கள் டேப்பை ஒரு தடவை ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் வைத்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன், இன்று காலை வரைக்கும்.

இன்று காலை ஆறு மணிக்கெல்லாம் வாடகைக் கார் வந்து நின்றது. சம்பந்தி வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். யாழினி பையெல்லாம் கட்டித் தயாராக இருந்தாள். நான்தான் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வெளியே பனி என்றேன். இன்றைக்கு நாள் சரியில்லை என்றேன். ஊசி போட்ட இடம் இன்னும் கல்லாக இருக்கிறது என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில், "புள்ள கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கறாளுங்க சம்மந்தி. இன்னும் பத்து நாள் இங்க இருந்து தேறட்டும், நானே கொண்டாந்து விடறேன்" என்றேன்.

சம்பந்தி இரண்டு கையையும் நீட்டி, என் தோளிலிருந்து குழந்தையை மெதுவாக எடுத்தார். ஒரு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தார். டேப் இல்லை, தராசு இல்லை, வெறுங்கைதான். பிறகு சொன்னார்:

"எடை போதும்ங்க சம்மந்தி. இதுக்கு மேல ஏறுறது எங்க ஊட்டுல ஏறட்டும்."